காஸ்ப் பிராக்டிஸ் டெஸ்ட் சைட், ஸ்டார்ட்டிங் ஸ்மார்ட்டர்: கோச்சிங்குக்கு காசு கட்றதுக்கு முன்னாடி இத பாத்துருங்க

கலிஃபோர்னியா பப்ளிக் ஸ்கூல்ல மூணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் உங்க வீட்ல ஒரு புள்ள படிக்குதுன்னா இந்த ரிவ்யூ உங்களுக்குத்தான், புதுசா ஸ்கூல்ல சேக்குறவங்க கடசில இருக்குற எல்பேக் பகுதிய மட்டும் பாருங்க, மத்தவங்க ஸ்க்ரோல் பண்ணிட்டு போயிடலாம். ஸ்கூல்ல வைக்கிற எஸ்பேக்ங்கிற ஸ்டேட் டெஸ்ட்டுக்கு உதவுற ரெண்டு சைட்ட பத்தி சொல்லப்போறேன், ரெண்டுமே ஃப்ரீ, ரெண்டுமே கலிஃபோர்னியா கல்வித்துறை ஏற்பாட்டுல இருக்குறது, ஆனா நம்ம ஆளுங்கள்ல முக்கால்வாசி பேருக்கு இப்படி ஒன்னு இருக்குறதே தெரியாது. ஸ்பிரிங் பிரேக் முடிஞ்சதும் வாட்ஸ்அப் குரூப்ல "எஸ்பேக்குக்கு எங்க கோச்சிங் சேத்தீங்க"ன்னு ஆரம்பிச்சிருவாங்க, யாராச்சும் ஒரு சென்டர் பேர போடுவாங்க, பத்து பேர் அங்க ஓடுவாங்க. எங்க பக்கத்துல ஒரு சென்டர்ல நான் போய் விசாரிச்சேன், அவங்க காட்டுன மெட்டீரியல்ல பாதி இந்த ஃப்ரீ சைட்ல இருந்து பிரிண்ட் எடுத்தது. கம்ப்யூட்டர்ல எழுதுற டெஸ்ட்டுக்கு பேப்பர்ல பிராக்டிஸ்! அந்த கடுப்புல தான் இத எழுதுறேன்னு வச்சுக்கங்க.

முதல்ல டெஸ்ட் என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். காஸ்ப்ங்கிறது மொத்த ஏற்பாட்டோட பேரு, அதுக்குள்ள இங்கிலீஷுக்கும் மேத்ஸுக்கும் வர்ற டெஸ்ட் தான் ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு, அததான் எல்லாரும் எஸ்பேக்னு சொல்றாங்க. மூணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் வருஷா வருஷம், அப்புறம் பதினொன்னாவதுல ஒரு தடவ. சயின்ஸ் டெஸ்ட் அஞ்சாவது, எட்டாவது, அப்புறம் ஹைஸ்கூல்ல ஒரு தடவ. முன்னாடி ஸ்டார்னு ஒரு பேப்பர் டெஸ்ட் இருந்துச்சு, பென்சில வச்சு வட்டத்த நிரப்புறது, அத நிப்பாட்டிட்டு 2014ல இத ட்ரையல் பாத்து 2015 ஸ்பிரிங்ல இருந்து மார்க்கோட நடத்துறாங்க. எல்லாம் கம்ப்யூட்டர்ல தான், நிறைய ஸ்கூல்ல குரோம்புக்ங்கிற லேப்டாப். டைம் லிமிட் கிடையாது, இத கொஞ்சம் போல்டு லெட்டர்ல படிங்க, ஏன்னா நம்ம ஊர் பரீட்சைல வளந்தவங்களுக்கு "சீக்கிரம் சீக்கிரம்"னு சொல்லாம இருக்க முடியாது. இந்த மார்க்க வச்சு புள்ளைய பாஸ் ஃபெயில் போடுறதும் இல்ல.

இப்ப பிராக்டிஸ் சைட். உள்ள போனா சைன் இன் பேஜ் வரும், பயந்துறாதீங்க, கெஸ்ட்டா உள்ள போறதுக்கு வழி அங்கயே இருக்கு, அக்கவுண்ட்டு ஈமெயில் ஒன்னும் கேக்காது. கிரேடு செலக்ட் பண்ணா டெஸ்ட் லிஸ்ட் வரும். அதுல ட்ரெய்னிங் டெஸ்ட்னு ஒன்னு, பிராக்டிஸ் டெஸ்ட்னு ஒன்னு இருக்கும். ட்ரெய்னிங் டெஸ்ட் சின்னது, மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் எல்லாருக்கும் ஒன்னே தான், பட்டன் எங்க இருக்கு கேள்வி எப்படி எப்படி வரும்னு பழகறதுக்கு மட்டும். பிராக்டிஸ் டெஸ்ட் அந்தந்த கிரேடுக்கு தனித்தனியா இருக்கும், பெருசு, உண்மையான டெஸ்ட் மாதிரியே இருக்கும். மொதல்ல ட்ரெய்னிங்ல ஆரம்பிங்க, நேரா பெருச திறந்து புள்ளைய உக்கார வச்சா பாதில எந்திரிச்சு ஓடிரும்.

என்னோட ஒரே அட்வைஸ் என்னன்னா புள்ள உக்காருறதுக்கு முன்னாடி நீங்க உக்காருங்க. சும்மா சொல்லல. மூணாங்கிளாஸ் மேத்ஸ் தானேன்னு நானும் எங்க வீட்டுக்காரரும் ஒரு நாள் நைட்டு உக்காந்தோம், ரெண்டு பேரும் சாஃப்ட்வேர், கணக்கு வராம இல்ல, ஆனா விடைய எங்க எப்படி போடுறதுன்னு அந்த ஸ்கிரீன்ல முழிச்சத பாத்தப்ப தான் இந்த டெஸ்ட்ல எது கஷ்டம்னு புரிஞ்சுது. விடை தெரிஞ்சா மட்டும் பத்தாது, அத அந்த மெஷின் கேக்குற மாதிரி குடுக்கணும். ஒரு கேள்வில நம்பர எடுத்து பெட்டிக்குள்ள இழுத்து போடணும், ஒன்னுல பத்திக்குள்ள இருக்குற வாக்கியத்தயே கிளிக் பண்ணணும், ஒன்னுல டேபிள்ல டிக் போடணும், ஒன்னுல நம்பர் லைன்ல புள்ளி வைக்கணும். பின்னம் போடணும்னா கீபோர்டுல கோடு போட முடியாது, ஸ்கிரீன்லயே இருக்குற சின்ன கீபேடுல பின்னத்துக்குன்னு ஒரு பட்டன் இருக்கும், அத அமுக்கி மேல ஒன்னு கீழ ஒன்னு போடணும். நாலாவது அஞ்சாவது புள்ளைங்களுக்கு இது ரொம்ப முக்கியம், அந்த கிரேடுல பின்னம் தான் எங்க பாத்தாலும்.

இன்னொரு சமாச்சாரம், விடைக்கு பக்கத்துல வட்டம் இருந்தா ஒன்னு மட்டும் தான் செலக்ட் பண்ண முடியும், சதுரம் இருந்தா ஒன்னுக்கு மேல செலக்ட் பண்ணலாம். "சரியான எல்லாத்தயும் செலக்ட் பண்ணு"ன்னு கேள்வில எழுதியிருக்கும் தான், ஆனா எட்டு வயசு புள்ள கேள்வி முழுசா படிக்குமா சொல்லுங்க, மொதல் சரியான விடைய பாத்ததும் டிக் அடிச்சிட்டு அடுத்ததுக்கு போயிரும். வட்டம் சதுரம் வித்தியாசத்த ஒரு தடவ விளையாட்டா சொல்லிக் குடுத்துட்டா போதும்.

அப்புறம் "தெரியாதத விட்டுட்டு அடுத்ததுக்கு போ, கடசில வந்து பாத்துக்கலாம்"னு நம்ம சொல்லிக் குடுப்போம்ல, அது இங்க வேலைக்கு ஆகாது. அந்த பேஜ்ல இருக்குற கேள்விக்கு ஏதாச்சும் ஒரு விடை போட்டா தான் அடுத்த பேஜுக்கே விடும். சந்தேகமா இருந்தா மார்க் ஃபார் ரிவ்யூன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, விடைய போட்டுட்டு அத வச்சிட்டு போகலாம், அப்புறம் திரும்பி வந்து மாத்தலாம். ஆனா நடுவுல டெஸ்ட்ட நிறுத்தி வச்சிட்டு இருவது நிமிஷத்துக்கு மேல ஆயிட்டா பழைய கேள்விக்கு திரும்பி போக முடியாது, அதனால அன்னிக்கு ரிசெஸ்ஸுக்கு (இடைவேளைக்கு) முன்னாடி மார்க் பண்ணதெல்லாம் ஒரு தடவ பாத்துக்கோடான்னு சொல்லி அனுப்பலாம்.

டெஸ்ட் முடிச்சிட்டு வந்து "ரொம்ப டஃப்ம்மா"ன்னு புள்ள மூஞ்ச தொங்கப் போட்டுச்சுன்னா உடனே டென்ஷன் ஆகாதீங்க. இது அடாப்டிவ் டெஸ்ட். சரியா போட்டா அடுத்தது கொஞ்சம் கஷ்டமா வரும், தப்பா போட்டா கொஞ்சம் ஈசியா வரும், கண் டாக்டர் எழுத்த சின்னது பண்ணிக்கிட்டே போயி எதுல தடுமாறுறோம்னு பாப்பார்ல அதே கதை. நல்லா படிக்கிற புள்ளைக்கும் கடசில கஷ்டமான கேள்வி தான் வரும், பக்கத்து சீட்டு பையனுக்கு வந்தது இவனுக்கு வராது. அதனால ஸ்கூல் விட்டு வந்ததும் நாலு வீட்டுக்கு போன் போட்டு "உங்க புள்ளைக்கு என்ன கேள்வி வந்துச்சு"ன்னு கேக்குறதுல ஒரு பிரயோஜனமும் கிடையாது (கேக்குறவங்க இருக்காங்க, நானே பதில் சொல்லியிருக்கேன்).

இதுல தான் சைட்டோட முதல் குறை. பிராக்டிஸ் டெஸ்ட் அடாப்டிவ் கிடையாது, எல்லாருக்கும் ஒரே செட் கேள்வி, எத்தன தடவ திறந்தாலும் அதே தான். அதனால திரும்பத் திரும்ப போட வச்சா புள்ள விடைய மனப்பாடம் பண்ணிரும், அவ்ளோதான். ரெண்டாவது குறை, முடிச்சதும் மார்க் காட்டாது. ஸ்கோரிங் கைடுன்னு ஒரு பி.டி.எஃப் தனியா இருக்கு, அத டவுன்லோட் பண்ணி நாமளே உக்காந்து திருத்தணும், அது டீச்சருங்களுக்கு எழுதுன பாஷைல இருக்கு, கட்டுரைக்கு எல்லாம் எப்படி மார்க் போடுறாங்கன்னு அதுல படிச்சு புரிஞ்சுக்க ஒரு டம்ளர் காபி பத்தாது. ஆனா பொறுமையா படிச்சா அங்க ஒரு விஷயம் கிடைக்கும், எந்த பதிலுக்கு முழு மார்க், எதுக்கு பாதின்னு விளக்கியிருப்பாங்க, நமக்கே கண்ணு திறக்கும்.

கட்டுரைன்னதும் ஞாபகம் வருது. இங்கிலீஷ்ல பெர்ஃபாமன்ஸ் டாஸ்க்னு ஒரு பகுதி இருக்கு, ஒரு தலைப்புல ரெண்டு மூணு கட்டுரைய படிக்க குடுத்துட்டு, அதுல இருந்து விஷயத்த எடுத்து சொந்தமா எழுதச் சொல்லுவாங்க, எழுதறதுன்னா டைப் பண்றது. இங்க தான் நம்ம புள்ளைங்க மாட்டிக்கிறது. வீட்ல ஐபேடுல விரல வச்சு தேய்ச்சே வளந்தது, கீபோர்டுல ஒரு விரல்ல எழுத்த தேடித் தேடி அடிக்கும், மனசுல நாலு பத்தி இருக்கும், ஸ்கிரீன்ல நாலு வரி தான் வந்திருக்கும், கை வலிக்குதுன்னு நிப்பாட்டிரும். மார்க் குறைஞ்சா டீச்சர் சரியில்ல புத்தகம் சரியில்லன்னு தேடுறோம், சமயத்துல விஷயம் டைப்பிங் மட்டும் தான். அதனால பிராக்டிஸ் சைட்ட ஐபேடுல திறக்காம ஒரு லேப்டாப்ல இல்லன்னா குரோம்புக்ல திறங்க, முடிஞ்சா மவுஸ் இல்லாம டிராக்பேடுலயே இழுத்துப் போட பழக்குங்க, ஸ்கூல்ல என்ன குடுக்குறாங்கன்னு டீச்சர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம். லிஸனிங் கேள்வியும் உண்டு, ஹெட்ஃபோன் போட்டு கேட்டுட்டு விடை போடணும், எத்தன தடவ வேணாலும் திரும்ப கேக்கலாம்னு புள்ளைக்கு தெரிஞ்சிருக்கணும்.

டூல்ஸ் நிறைய குடுத்திருக்காங்க, ஹைலைட்டர், தப்பான விடைய கோடு போட்டு அடிக்கிறது, ஜூம், நோட்பேட். ரஃப் பேப்பரும் பென்சிலும் ஸ்கூல்ல வச்சுக்கலாம், கணக்க ஸ்கிரீன பாத்தே மனசுல போட வேண்டியதில்ல. கால்குலேட்டர் அஞ்சாவது வரைக்கும் கிடையாது. ஒன்னு மட்டும் கவனம், கெஸ்ட்டா போகும்போது செட்டிங்ஸ்ல சத்தமா படிச்சுக் காட்டுற டெக்ஸ்ட் டு ஸ்பீச்ச நாமளே ஆன் பண்ணிக்கலாம், ஆனா உண்மையான டெஸ்ட்ல அது ஸ்கூல் அந்த புள்ளைக்குன்னு முன்கூட்டியே செட் பண்ணியிருந்தா தான் வரும். வீட்ல அத வச்சே பழகிட்டு அங்க போய் இல்லன்னா குழம்பிப் போயிரும். உங்க புள்ளைக்கு அது நெஜமாவே தேவைன்னா ஜனவரி பிப்ரவரியிலயே டீச்சர்கிட்ட பேசிடுங்க. மேத்ஸ்ல கஷ்டமான வார்த்தைக்கு மட்டும் வேற மொழில அர்த்தம் காட்டுற வசதியும் இருக்கு, பஞ்சாபி, வியட்நாமீஸ், கொரியன் எல்லாம் இருக்கு, தமிழ் இல்ல.

பிராக்டிஸ் சைட்டுக்கு என்னோட ரேட்டிங் அஞ்சுக்கு நாலு. ஒரு மார்க்க அந்த ஸ்கோரிங் கைடுக்கு குறைச்சுட்டேன்.

அடுத்தது ஸ்டார்ட்டிங் ஸ்மார்ட்டர். இது முழுக்க பேரண்ட்ஸுக்குன்னே பண்ண சைட். ரிசல்ட் ரிப்போர்ட் எப்படி இருக்கும், எந்த பகுதிக்கு என்ன அர்த்தம்னு மாதிரி ரிப்போர்ட்ட வச்சு காட்டுறாங்க, கிரேடு வாரியா சாம்பிள் கேள்வி இருக்கு, பேரண்ட் டீச்சர் மீட்டிங்ல என்ன கேக்கலாம்னு ஒரு கைடும் இருக்கு. அந்த கைடு எனக்கு ரொம்ப புடிச்சது, ஏன்னா நம்ம ஆளுங்க மீட்டிங்குக்கு போனா "ஹவ் இஸ் ஹி டூயிங்"னு கேட்டுட்டு, "ஹி இஸ் டூயிங் கிரேட்"னு கேட்டுட்டு, தேங்க்யூ சொல்லிட்டு வந்துருவோம். அதுல இருக்குற கேள்விய எடுத்துட்டுப் போனா டீச்சரே கொஞ்சம் நிமிந்து உக்காந்து பேசுவாங்க.

ஆனா மார்க் விஷயத்துல இந்த சைட் எல்லாத்தயும் சாஃப்ட்டா சொல்லிட்டுப் போயிருது, நம்மள மாதிரி நம்பருக்கு அலையுற பேரண்ட்ஸுக்கு அது பத்தாது, அதனால நான் சொல்றேன். இந்த டெஸ்ட்ல நூத்துக்கு இத்தனன்னு கிடையாது. ஊர்ல இருந்து எங்க மாமியார் போன்ல "எத்தன மார்க்கு"ன்னு கேட்டாங்க, ரெண்டாயிரத்து நானூத்து சொச்சம்னேன், "எத்தனைக்கு?"ன்னு கேட்டாங்க, அந்த கேள்விக்கு நல்ல பதிலே இல்ல. மூணாவதுல இருந்து பதினொன்னாவது வரைக்கும் ஒரே ஸ்கேல், புள்ள வளர வளர நம்பர் மேல போகணும். மேத்ஸ்ல லெவல் 3 ஆரம்பிக்கிறது மூணாவதுல 2436, நாலாவதுல 2485, அஞ்சாவதுல 2528. இங்கிலீஷ்ல அதே லெவல் 3 மூணாவதுல 2432, நாலாவதுல 2473, அஞ்சாவதுல 2502. மொத்தம் நாலு லெவல், லெவல் 3 வந்துட்டா அந்த கிரேடுக்கு தேவையானது புள்ளைகிட்ட இருக்குன்னு அர்த்தம்.

இப்ப பாருங்க, மூணாவதுல மேத்ஸ்ல 2440 வாங்குன புள்ள லெவல் 3. அடுத்த வருஷம் 2480 வாங்குனா நாப்பது பாயிண்ட் ஏறியிருக்கு, ஆனா லெவல் 2ன்னு வரும், ஏன்னா நாலாவதுல கோடு 2485க்கு போயிருச்சு. ரிப்போர்ட்ட பாத்து "போன வருஷம் மூணு, இந்த வருஷம் ரெண்டு, என்னடா படிச்ச"ன்னு வீட்ல ஒரு ரகளை. புள்ள பின்னாடி போகல, முன்னாடி தான் போயிருக்கு, கொஞ்சம் மெதுவா போயிருக்கு, அவ்ளோதான். அதுவும் கோட்டுக்கு அஞ்சு பாயிண்ட் கீழ இருக்குறத பெருசா எடுத்துக்கவே கூடாது, அதே புள்ள வேற ஒரு நாள் எழுதியிருந்தா கோட்டுக்கு மேல வந்திருக்கலாம், எந்த டெஸ்ட்டுலயும் அந்த ஏத்த இறக்கம் உண்டு. லெவல மட்டும் பாக்காம ரெண்டு வருஷ நம்பர பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க.

ஸ்டார்ட்டிங் ஸ்மார்ட்டருக்கு அஞ்சுக்கு மூணு. படிக்கிறதுக்கு நிறைய இருக்கு, மொபைல்ல திறந்தா ஸ்க்ரோல் பண்ணி பண்ணி விரல் தேயுது, சாம்பிள் கேள்வி இன்னும் நிறைய இருந்திருக்கலாம்.

இதே ஸ்டார்ட்டிங் ஸ்மார்ட்டர்ல எல்பேக்குங்கிற இங்கிலீஷ் டெஸ்ட்டுக்கு தனியா ஒரு பக்கம் இருக்கு, புதுசா இந்தியால இருந்து வந்தவங்களும் கிண்டர்கார்டன்ல சேக்குறவங்களும் அத கண்டிப்பா பாக்கணும். ஸ்கூல்ல சேக்கும்போது ஒரு ஃபார்ம் குடுப்பாங்க, புள்ள மொதல்ல பேச ஆரம்பிச்சது எந்த மொழில, வீட்ல அதிகமா எது பேசுது, நீங்க புள்ளைகிட்ட எதுல பேசுறீங்கன்னு நாலு கேள்வி. மொதல் மூணுல எதுக்காச்சும் தமிழ்னு போட்டா, சேந்த முப்பது நாளுக்குள்ள எல்பேக்குன்னு ஒரு இங்கிலீஷ் டெஸ்ட் வைப்பாங்க, பேசுறது, கேக்குறது, படிக்கிறது, எழுதறது நாலும். சின்ன கிளாஸ்ல டீச்சர் பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு புள்ளையா பண்ணுவாங்க. இங்கிலீஷ் போதுமான அளவு இருக்குன்னு அதுல வந்துட்டா அதோட கதை முடிஞ்சுது, இல்லன்னா இங்கிலீஷ் கத்துக்குற புள்ளன்னு போட்டு தனி உதவி குடுப்பாங்க, அதுல இருந்து வெளிய வர்ற வரைக்கும் வருஷா வருஷம் பிப்ரவரிக்கும் மே மாசத்துக்கும் நடுவுல ஒரு டெஸ்ட்டு.

இந்த டெஸ்ட்டுக்கு பயந்துக்கிட்டு ஃபார்ம்ல தமிழுக்கு பதிலா இங்கிலீஷ்னு போடச் சொல்லி அட்வைஸ் பண்ற அண்ணன்மாரு அக்காமாரு எல்லா குரூப்லயும் உண்டு. சனிக்கிழமை சனிக்கிழமை தமிழ் பள்ளிக்கு கார ஓட்டிட்டுப் போவாங்க, ஃபார்ம்ல மட்டும் வீட்ல இங்கிலீஷ்னு எழுதுவாங்க! இங்கயே பொறந்து ப்ரீஸ்கூல் போன புள்ளைங்க நிறைய பேர் மொதல் டெஸ்ட்லயே தாண்டிருதுங்க. தாண்டலன்னாலும் கிடைக்கிறது உதவி தான், யாரும் புள்ளைய கீழ் கிளாஸ்ல தள்ளப் போறதில்ல. கூச்ச சுபாவம் உள்ள புள்ளைங்களுக்கு பேசுற பகுதி தான் பிரச்சன, விடை தெரிஞ்சாலும் தெரியாத டீச்சர் முன்னாடி வாய திறக்காது. அதுக்கும் பிராக்டிஸ் சைட்ல எல்பேக் பிராக்டிஸ் இருக்கு, ஒரு படத்த காட்டி இதுல என்ன நடக்குதுன்னு கேக்கும், முழு வாக்கியமா பதில் சொல்ல பழக்கி விடுங்க, "டாக்"னு ஒத்த வார்த்தைல நிப்பாட்டாம.

டெஸ்ட்டே வேணாம்னு நினைக்கிறவங்க ஸ்கூலுக்கு எழுதிக் குடுத்தா போதும், காஸ்ப்ல இருந்து விலக்கு உண்டு, கலிஃபோர்னியா கல்விச் சட்டம் (எஜுகேஷன் கோடு) 60615ல இருக்குறது தான். எல்பேக்குக்கு அந்த விலக்கு பொருந்தாது. விலக்கு வாங்கணுமா வேணாமாங்கிறது உங்க இஷ்டம், என்னய கேட்டா எழுதட்டும். சில ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல மிடில் ஸ்கூல் மேத்ஸ் கிளாஸ் போடும்போது மத்த விஷயத்தோட சேத்து இந்த மார்க்கையும் பாக்குறாங்க, உங்க டிஸ்ட்ரிக்ட்ல எப்படின்னு ஆபீஸ்ல கேட்டுக்கங்க. வீடு வாங்கும்போது ஜில்லோங்கிற வீடு தேடுற சைட்ல ஸ்கூலுக்கு பத்துக்கு ஒன்பதுன்னு ஒரு நம்பர் பாத்து தலைல துண்டு போட்டுக்கிட்டு அம்பதாயிரம் டாலர் கூட குடுக்குறோமே, அந்த நம்பருக்குள்ளயும் இதே டெஸ்ட் மார்க் ஒரு பங்கு இருக்கு.

கோச்சிங் பத்தி கேக்குறவங்களுக்கு, புள்ளைக்கு கணக்குல நெஜமாவே ஓட்டை இருந்தா வருஷம் பூரா அத பாருங்க, அதுக்கு காசு செலவு பண்ணா தப்பே இல்ல. ஏப்ரல் மாசம் எஸ்பேக் ஸ்பெஷல் பேட்ச்னு போடுறதுக்கு மட்டும் ஒரு பைசா குடுக்காதீங்க. ட்ரெய்னிங் டெஸ்ட் ஒரு தடவ நீங்க, ஒரு தடவ புள்ள, அப்புறம் பிராக்டிஸ் டெஸ்ட்ட ரெண்டு மூணு நாளா பிரிச்சு போடுங்க, நடுவுல கொஞ்சம் டைப்பிங். அதுக்கு மேல வேணும்னா ஸ்கூல்லயே இன்டரிம் டெஸ்ட்னு டீச்சருங்க நடுவுல வைக்கிறதுக்கு ஒன்னு இருக்கு, உங்க கிளாஸ்ல வைக்கிறாங்களா, ரிசல்ட்ட காட்டுவாங்களான்னு கேளுங்க. ஸ்டேட் ரிசல்ட் நிறைய டிஸ்ட்ரிக்ட்ல பேரண்ட் போர்ட்டல்ல தான் வரும், பாஸ்வேர்டு மறந்து போனவங்க இப்பவே ரீசெட் பண்ணி வச்சுக்கங்க, லீவுல ஆபீஸ்ல போன் எடுக்க ஆள் இருக்காது.